நொச்சி என்று கொடுப்பதெல்லாம் நொச்சிதானா? இலை அடையாளம், வேலி, வேது, தைலம், தானியம்

வேலியோரம் எழுதியது:

வணக்கம். வீட்டுக்குத் தென்புறம் நாற்பது அடி நீளத்துக்கு நொச்சி வேலி வைக்க வேண்டும். கன்று விசாரித்தால் மூன்று விதச் செடியைக் காட்டுகிறார்கள். முதலாவது ஐந்து விரல் இலை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி. இரண்டாவது மூன்று விரல், இலையின் அடி கத்தரிப்பூ நிறம். மூன்றாவதில் விரலே இல்லை. ஒல்லியான ஒற்றை இலை, தண்டு கருஞ்சிவப்பு. அதைத்தான் "கருநொச்சி, ஒசத்தி" என்கிறார்கள். வேது பிடிக்கவும் மூட்டுவலித் தைலத்துக்கும் இலை பறிக்கிற மாதிரி வேலி வேண்டும். எதை வைப்பது?

செடிகொடி எழுதியது:

முதலாவதுதான் நீங்கள் தேடுவது. தாவரவியல் பெயர் வைடெக்ஸ் நெகுண்டோ. லின்னேயஸ் 1753-ல் இட்ட பெயர் இன்றுவரை மாறவில்லை. குடும்பம்தான் மாறியது. பழைய தாவர நூல்களில் வெர்பினேசியே என்று இருக்கும், இப்போது துளசி, தும்பை இருக்கும் லேமியேசியே குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். இளங்கிளையை விரலிடையில் உருட்டிப் பாருங்கள், உருளாது. நாலு பட்டையாக இருக்கும்.

இலையில் பார்க்க வேண்டியது விரல்களின் எண்ணிக்கையை அல்ல, நடு விரலின் காம்பை. ஒரே செடியில் மூன்று விரலும் வரும், ஐந்து விரலும் வரும். ஆனால் நொச்சியின் நடு விரலுக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் தனிக்காம்பு இருக்கும். பக்கத்து இரண்டுக்கும் அதைவிடக் குட்டைக் காம்பு. கடைசி இரண்டு சின்ன விரல்கள் ஏறக்குறைய ஒட்டியே இருக்கும். உங்கள் இரண்டாவது செடியில் மூன்று விரலும் காம்பில்லாமல் ஒரே புள்ளியில் ஒட்டியிருக்கும். அது வைடெக்ஸ் ட்ரைஃபோலியா, கடலோரத்துச் செடி. அடிப்பக்கம் ஊதா நிறமானது அதன் அலங்கார வகை, பங்களா வேலிகளுக்கு விற்கிறார்கள். அதற்கும் நொச்சி வாசனை உண்டு, உறவுச் செடிதான். ஆனால் தைலத்துக்கு எழுதி வைத்த அளவெல்லாம் முதலாவதுக்கு.

மூன்றாவது நொச்சி இனமே இல்லை. ஜஸ்டிசியா ஜெண்டாருசா. ஆடாதோடையின் நெருங்கிய சொந்தம், அகாந்தேசியே குடும்பம். கணு வீங்கியிருக்கும், கசக்கினால் நொச்சி வாசனை வராது.

சங்கப் புலவர்கள் நொச்சி இலையை மயிலின் கால் என்றார்கள். வியட்நாமியர் வைத்திருக்கும் பெயருக்கு 'ஐந்து நகம்' என்று பொருள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சூரணக்கட்டு எழுதியது:

மேலே சொன்னது சரி. கருநொச்சி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

தமிழ்நாட்டுச் சரக்குக் கடைகளில் கருநொச்சி என்றால் பெரும்பாலும் ஜெண்டாருசா. கேரளத்தில் கரிநொச்சி என்றால் நெகுண்டோ, அதாவது நம்முடைய சாதாரண நொச்சி. ஜெண்டாருசாவுக்கு அங்கே வாதங்கொல்லி என்று பெயர். ஆகவே மலையாளத்தில் 'கரிநொச்சி இலைச்சாறு' என்று படித்துவிட்டு இங்கே கருநொச்சி கேட்டால், வேறொரு குடும்பத்துச் செடி கைக்கு வரும். ஜெண்டாருசாவும் வாத வலிக்கு வெளிப்பூச்சாகப் பயன்படுகிற செடிதான், அதைப் பயனற்றது என்று சொல்லவில்லை. ஒன்றுக்கு எழுதிய அளவை இன்னொன்றுக்குப் போடக்கூடாது, குறிப்பாக உள்ளுக்குக் கொடுக்கும்போது.

'நீர்நொச்சி'யிலும் இதே சிக்கல். சிலர் ட்ரைஃபோலியாவைச் சொல்வார்கள், சிலர் ஆற்றங்கரையில் மரமாக வளரும் வைடெக்ஸ் லூகோசைலானைச் சொல்வார்கள். மலைக்காட்டு மயிலை மரமும் இதே வைடெக்ஸ் இனம்தான். இலைக்காம்பின் இருபுறமும் சிறகு விரிந்திருப்பதால் அதைத் தனியாகப் பிரித்துவிடலாம். பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், இலையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

ஓடைக்கரை எழுதியது:

வேலிக்குக் கன்றே வாங்க வேண்டாம் தம்பி. ஓடைக்கரையில் நிற்கிற ஒரு நல்ல செடியிலிருந்து போத்து வெட்டினால் போதும்.

பென்சில் தடிமனிலிருந்து சுண்டுவிரல் தடிமன் வரை, பட்டை சாம்பல் நிறத்துக்கு வந்த முற்றின குச்சி. நீளம் ஒரு சாண். நாலு கணுவாவது இருக்கணும், இரண்டு மண்ணுக்குள்ளே, இரண்டு வெளியே. அடி முனையைச் சாய்வாகவும் மேல் முனையை நேராகவும் வெட்டுங்கள். தலைகீழாக நடாமல் இருக்க இதுதான் அடையாளம். நூறு குச்சியை ஒன்றாகக் கட்டித் தூக்கிவந்து அவிழ்த்த பிறகு எது அடி, எது நுனி என்று கண்டுபிடிப்பது லேசில்லை. பச்சைக் குச்சி அழுகும். கட்டைவிரலைவிடத் தடித்தது துளிர்க்கும், வேர் விடாது. பத்து நாளில் துளிர் வந்துவிட்டதே என்று நம்ப வேண்டாம். அது குச்சிக்குள் இருந்த சத்தில் வந்த துளிர். நாற்பது நாள் கழித்து லேசாக இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆடிக் கடைசி மழையிலோ ஐப்பசியிலோ வையுங்கள். நாற்பது அடிக்கு ஓர் அடி இடைவெளியில், இரண்டு வரிசை, ஒன்றுவிட்டு ஒன்றாக. எண்பது குச்சி பிடிக்கும். போகிறது போக நிற்க நூறு வெட்டுங்கள். தண்ணீர் தேங்கினால் மட்டும் ஆகாது. ஆடு மாடு வாய் வைக்காது, அதனால் முள் கட்ட வேண்டிய வேலை இல்லை.

வேலியோரம் எழுதியது:

நன்றி அண்ணா, இலையைப் பிடித்துப் பார்த்துவிட்டேன், முதலாவதுக்கு நடு விரல் காம்பு தெளிவாக இருக்கிறது. ஒரு சந்தேகம். அதே செடியின் அடியிலிருந்து கிளம்பிய புதுத்தளிரில் இலை ஓரம் ரம்பம் மாதிரி பல் பல்லாக இருக்கிறது. கலப்பா?

செடிகொடி எழுதியது:

கலப்பு இல்லை. வெட்டுப்பட்ட அடியிலிருந்து வரும் கிளைகளில் அப்படி வருவது இயல்பு, மேலே போகப் போக ஓரம் மழமழப்பாகிவிடும். சீனப் பக்கத்து நொச்சி வகைகள் சிலவற்றில் இலைகள் பல் பல்லாகவோ ஆழமாகவோ வெட்டுப்பட்டிருக்கும். கஞ்சா இலை போன்றது என்ற பொருளில் ஒரு வகைக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் பார்த்து மிரண்டால் இதைக் காட்டுங்கள். கஞ்சாவில் மேல் இலைகள் மாறி மாறி ஒவ்வொன்றாக வரும். நொச்சியில் உச்சி வரை எதிரெதிராக ஜோடியாகத்தான் வரும்.

பூவையும் சொல்லிவிடுகிறேன். கிளை நுனியில் நீலம் கலந்த ஊதாக் கொத்து, ஒவ்வொரு பூவும் இரண்டு உதடாகப் பிரிந்தது, கீழ் உதட்டின் நடு இதழ் மட்டும் பெரிது. தேனீ உட்காருவதற்கென்றே வைத்த திண்ணை போல இருக்கும். காய் மிளகை ஒத்தது, பழுத்தால் கறுப்பு. இலையடியின் சாம்பல் நிறத்துக்குக் காரணம் நுண்ணிய மயிர். அதற்கிடையில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. வாசனை அங்கிருந்துதான் வருகிறது.

சூரணக்கட்டு எழுதியது:

அந்தச் சுரப்பி விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு வேதுக்கு வருவோம். நொச்சியில் ஆவியாகிற எண்ணெய் கொஞ்சம்தான். இலையைப் போட்டு அரை மணி நேரம் திறந்த பாத்திரத்தில் கொதிக்க விட்டால் அது அடுப்படியிலேயே போய்விடும், போர்வைக்குள் வெறும் வெந்நீராவிதான் வரும்.

இரண்டு லிட்டர் தண்ணீரை முதலில் தனியாகக் கொதிக்க விடுங்கள். கொதி வந்ததும் இரண்டு கை அள்ளு நொச்சி இலை, காம்போடு முறித்துப் போடலாம், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள். மூடிபோட்டு மூன்று நிமிடம், பிறகு அடுப்பை அணைத்துவிடுங்கள். மூடியைப் போர்வைக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும், அதுவும் சிறிது சிறிதாக. பாத்திரம் தரையில், அசையாத இடத்தில் இருக்கட்டும். முகத்துக்கும் பாத்திரத்துக்கும் ஒன்றரை அடி. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்திலிருந்து எட்டு நிமிடம் போதும். வியர்வையைத் துடைத்து, காற்றுப் படாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.

கிராமத்தில் செங்கல் துண்டைச் சிவக்கச் சுட்டு, நொச்சித் தண்ணீரில் போட்டு ஆவியை நீட்டிப்பார்கள். வழிமுறை நல்லதுதான், ஆனால் கல் விழும்போது தண்ணீர் எகிறும். போர்வையைக் கழற்றி, நோயாளியை எழுப்பி நகர்த்திய பிறகே கல்லை இடுக்கியால் இறக்க வேண்டும். குழந்தைகளுக்கு இந்த வேது வேண்டவே வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகிற விபத்துகள் பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான். சிலர் இதோடு கற்பூரம் கரைத்துவிடுகிறார்கள். அது சிறு பிள்ளைகளுக்கு நஞ்சு. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆவியே இழுப்பைக் கிளப்பிவிடலாம். நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

பனங்கூடல் எழுதியது:

யாழ்ப்பாணப் பக்கம் வேது பிடிக்கிறதோட, பிள்ளைப் பெத்தவைக்கு நொச்சியிலை அவிச்ச தண்ணியில முழுக வார்க்கிறதும் இருக்கு. நொச்சியோட பாவட்டை இலையும் சேர்ப்பினம். அதுக்கு வேதுக்குச் சொன்ன மாதிரி மூண்டு நிமிசம் காணாது. பெரிய பானையில இலையை அமுக்கிப் போட்டு, தண்ணி தேயிலைச் சாயம் மாதிரி வரும் வரைக்கும் அவிக்க வேணும். பிறகு வடிச்சு, பச்சைத்தண்ணி கலந்து சூட்டைச் சரிபாத்து வார்க்கிறது. வடிக்காமல் வார்த்தால் இலைத்தூள் தலைமயிருக்குள்ள ஒட்டிப்போய்க் கழுவ ஏலாது. சத்திரசிகிச்சை செய்து பிள்ளை பிறந்தவைக்குத் தையல் ஆறும் வரைக்கும் வார்க்கக்கூடாது, டொக்டரிட்டக் கேட்டுத்தான் தொடங்க வேணும்.

சிங்களத்தில இதுக்கு 'நிக' எண்டு பேர். கொழும்புப் பக்கம் மருந்துச் சரக்குக்கடையில அந்தப் பேரைச் சொன்னால் சரியான இலைதான் வரும்.

சூரணக்கட்டு எழுதியது:

அக்கா சொன்னதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆவிக்கு வாசனை எண்ணெய் வேண்டும், அதற்குக் குறைந்த நேரம் போதும். குளியலுக்குத் தண்ணீரில் இறங்குகிற துவர்ப்பும் கசப்பும் வேண்டும், அதற்கு நீண்ட கொதி.

தைலத்துக்கு வருகிறேன். நொச்சி இலையில் சாறு குறைவு. ஒரு கிலோ இலைக்கு அரை லிட்டர் தண்ணீர் தெளித்து, உரலில் இடித்துத் துணியில் முறுக்கிப் பிழிய வேண்டும். மிக்சியில் அடித்தால் நார் நைந்து சாற்றோடு வந்துவிடும், அடிப்பிடிக்கும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு இரண்டு லிட்டர் சாறு. அடி கனத்த, அகன்ற பாத்திரம். எண்ணெய் பொங்கும், பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பக்கூடாது. சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால் முதலில் பச்சைக் குழம்பாக இருக்கும், பிறகு சாறு சுண்டச் சுண்ட அடியில் கசடு திரளும்.

இறக்கும் பதம்தான் எல்லாம். கசடைக் கரண்டியில் எடுத்து விரலில் உருட்டினால் முதலில் களிமண் போல ஒட்டும். அது இன்னும் ஆகவில்லை. பிறகு ஒட்டாமல் மெழுகுத் திரி போல உருளும். அந்த மெழுகு பதத்தில் இறக்க வேண்டும். அதையும் தாண்டினால் மணல் போல உதிரும், எண்ணெய் கருகிய வாசனை எடுக்கும். சந்தேகம் இருந்தால் உருட்டிய கசடைத் தீயில் காட்டுங்கள். சடசடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் ஆகிவிட்டது. நீர் மிச்சமிருக்கும் தைலம் ஒரே மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

வேலியோரம் எழுதியது:

அவ்வளவு வேலை முடியாதவர்களுக்கு ஒத்தடம் போதுமா ஐயா? ஒத்தடத்துக்கு இலையை வதக்கும்போது பொடிந்துபோய்விடுகிறது.

சூரணக்கட்டு எழுதியது:

முழங்கால், இடுப்புப் பிடிப்புக்கு ஒத்தடமே நேரடியான வழி. பொடிகிறது என்றால் எண்ணெய் இல்லாமல், தீ அதிகமாக வைத்து வதக்கியிருப்பீர்கள். நாலு கை இலைக்கு ஒரு மேசைக்கரண்டி விளக்கெண்ணெய், இரும்புச் சட்டி, சிறுதீ. இலை துவண்டு, கரும்பச்சையிலிருந்து மங்கிய பச்சைக்கு மாறும்போது எடுத்துவிடுங்கள். பழைய வேட்டித் துணியில் இரண்டாகப் பிரித்து முடியுங்கள். ஒன்று சட்டியில் சூடாகட்டும், ஒன்று கையில் இருக்கட்டும். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்காமல் நோயாளி மேல் வைக்காதீர்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு இந்த ஒத்தடம் ஆகாது. மூட்டு சிவந்து கொதிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் ஒத்தடத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நெல்மூட்டை எழுதியது:

நொச்சிக்கு இன்னொரு பெரிய வேலை குதிரிலும் மூட்டையிலும். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்துப்பூச்சிக்கும் பயறு வண்டுக்கும் நொச்சி இலை போடுவது பழக்கம். நூறு கிலோ தானியத்துக்கு இரண்டு கிலோ காய்ந்த இலை என்று அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். இதில் வழக்கமாக நடக்கும் தவறு, பச்சை இலையைப் போடுவது. பச்சை இலையின் ஈரம் தானியத்துக்கு ஏறி, வண்டுக்குப் பதிலாகப் பூஞ்சை வரும். நிழலில் ஆறேழு நாள் காய்ந்து, நடு நரம்பு 'டிக்' என்று ஒடிய வேண்டும். வெயிலில் காயவைத்தால் வாசனை போய்விடும்.

பயறு விஷயத்தில் இலையை மட்டும் நம்பக்கூடாது. வண்டு வயலிலேயே காய் மேல் முட்டையிட்டு விடும். வீட்டுக்கு வரும்போதே புழு பயறுக்குள் இருக்கும். நொச்சி வெளியே இருந்து வருவதை விலக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. நல்ல வெயிலில் இரண்டு நாள் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்து, ஆறவிட்டு, அதன்பிறகு இலை போட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் மூட்டைக்குள் வேர்க்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இலையை மாற்ற வேண்டும், வாசனை போன இலை வெறும் சருகு.

செடிகொடி எழுதியது:

கொசுவுக்கும் இதே கணக்குத்தான். சென்னையில் கால்வாய்க்கரை வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுத்ததிலிருந்து, வாசலில் செடி நின்றாலே கொசு வராது என்று நம்புகிறார்கள். எண்ணெய் சுரப்பிக்குள் அடைபட்டிருக்கிறது. இலை கசங்கினாலோ புகைந்தாலோதான் வெளியே வரும். காய்ந்த இலையைத் தணலில் போட்டு மாலையில் புகை காட்டலாம், ஜன்னல் திறந்திருக்கட்டும், இழுப்பு உள்ளவர்கள் வெளியே இருக்கட்டும். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது, மாலைப் புகை அதற்குப் பதில் ஆகாது. தேங்கிய தண்ணீரைக் கொட்டாமல் நொச்சியை நட்டுப் பயனில்லை.

பினாங்கு_அக்கா எழுதியது:

இங்கே மலாய்க்காரர்கள் லெமுனி என்று சொல்வது நொச்சி இனம்தான், நாசி லெமுனி என்று சோறே ஆக்குவார்கள். அதற்கு எடுப்பது பெரும்பாலும் ட்ரைஃபோலியா, மேலே சொன்ன கடலோரச் செடி. இலையை அரைத்துப் பிழிந்து, வடிகட்டி, தேங்காய்ப்பால், சின்ன வெங்காயம், இஞ்சி, வெந்தயம் சேர்த்து அரிசியோடு வேக வைப்பார்கள். சோறு சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் வரும். இலை கூடினால் கசந்து சாப்பிட முடியாது, இரண்டு கப் அரிசிக்கு ஒரு கைப்பிடி இலை தாண்ட வேண்டாம்.

சூரணக்கட்டு எழுதியது:

உணவாகச் சாப்பிடும் அந்த அளவு வேறு, மருந்தாகக் குடிப்பது வேறு. உள்மருந்தாக முறைப்படி எடுத்துச் சென்றவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். அங்கே லகுண்டி என்பது நெகுண்டோதான். அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஏற்ற பத்து மூலிகைகளில் ஒன்று, இருமலுக்கு 300, 600 மில்லிகிராம் மாத்திரையாகவும் சிரப்பாகவும் விற்கிறது. இலையின் தரத்தைச் சோதித்து, அளவைக் கட்டி வைத்ததால்தான் அது மாத்திரை ஆனது. நம்மூரில் நாலு நொச்சி இலை, மிளகு, கிராம்பு, பூண்டு என்று மென்று சாப்பிடச் சொல்வார்கள். இழுப்புக்கு இன்ஹேலர் எடுப்பவர் அதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுவது ஆபத்து. கர்ப்பிணிகள் உள்ளுக்கு எடுக்க வேண்டாம். விதையை யாரும் தன்னிச்சையாகச் சாப்பிடக்கூடாது. நாய்களில் செய்த ஆய்வில் விதைச்சத்து விந்தணு உற்பத்தியைக் குறைத்திருக்கிறது.

இன்னொன்று. மாதவிடாய்த் தொல்லைக்கு 'வைடெக்ஸ்' என்று வெளிநாட்டு மாத்திரை வருகிறதே, அது ஆக்னஸ்-காஸ்டஸ் என்ற மத்தியதரைக் கடல் செடியின் பழம். அதற்குப் பதில் வேலி நொச்சியின் காயைப் பொடித்துச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். கூடாது.

வேலியோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போத்து நட்டால் முதல் இலை பறிப்பு எப்போது? எந்த உயரத்தில் வெட்டுவது?

ஓடைக்கரை எழுதியது:

முதல் வருஷம் கை வைக்காதீர்கள், வேர் இறங்கட்டும். இரண்டாம் மழைக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் ஒரே வெட்டு, அரிவாளால் சாய்த்து, பட்டை கிழியாமல். அடியிலிருந்து ஐந்தாறு வாது கிளம்பும், வேலி அடைக்கும். அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து. பூவெடுக்கும் முன்பு வெட்டினால் இலை நிறைய, வாசனையும் நிறைய. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பச்சை இலை இருந்தால் ஒரு கிலோ காய்ந்த இலை தேறும், காய்ந்த நொச்சி இலையை அடைத்துத் தலையணை செய்வதானால் அதற்கு முக்கால் கிலோ போதும். தலையணைக்குக் காம்பெல்லாம் உருவிவிடுங்கள், குத்தும். அரைகுறையாகக் காய்ந்த இலையை அடைத்தால் உள்ளே பூசணம் பூத்துத் தும்மல்தான் கூடும்.

நேராக ஓடிய ஒரு வருஷக் குச்சியை எறிந்துவிடாதீர்கள். கூடை முடைய, படல் கட்ட அதைவிட நல்ல குச்சி கிடையாது. வெட்டிய அன்றோ மறுநாளோ வளைக்க வேண்டும், காய்ந்துவிட்டால் முறியும். அப்படியே காய்ந்துபோனால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள்.

இலை பறிக்கும்போது மேலே பச்சைக் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்திருக்கிற இலை தென்பட்டால், அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் போட்ட முடிச்சு. மருந்து அடிக்க வேண்டாம், இலையைத்தானே காய்ச்சப் போகிறீர்கள். அந்த வாதை அடியோடு நறுக்கி எரித்துவிட்டு, மற்றதைப் பறியுங்கள்.